பின்னறைக் கடல்

பங்குக் கோவில் முற்றத்தில், காற்றில் முறிந்த சம்மனசுச் சிலையின் இடது இறக்கைக்கு ஜெபஸ்தி கண்ணாடி நாரை விரித்து ரெசின் பசை பூசிக்கொண்டிருந்தபோது, மீன்காரி விக்டோரியா பின்னால் வந்து ஏணியில் நின்ற அவள் கெண்டைக்காலில் ஈரக் கையை வைத்தாள். சித்திரை மாதம், மதியம் பன்னிரண்டரை மணி வெயில். அந்தக் கை மட்டும் ஐஸ் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த கை போலக் குளிர்ந்தது. ஜெபஸ்தி ஏணியில் இரண்டு படி சறுக்கி இறங்கினாள்.

“ஏளா, பயந்துட்டியா? இது ஐஸ் இல்ல. கரையில நிக்கில்லா அந்தப் பாய்மரப் படகு, அதுக்குள்ள கடல் ஏறிக்கிட்டு இருக்கு. அதுல கை வச்சுட்டு வாறேன்.”

“படகு மணல்ல இல்லா நிக்கி?”

“மணல்லதான் நிக்கி. நம்ம கடல் அந்தால தூரத்துல சும்மாதான் கெடக்கு. இது வேற கடல்.”

ஜெபஸ்தி பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டு மூடிவிட்டு அவளோடு போனாள்.

அந்தப் படகு சிப்பிமுனைக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முப்பத்தாறு அடி நீளம், வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் ‘பவளமல்லி’ என்று தமிழில் பெயர். வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த இஞ்ஞாசிதான் அதைப் பார்த்தார். சுக்கான் இல்லாமல், தரைப்பலகை ஒன்றைக் கம்பில் கட்டித் துடுப்புபோல் பின்னால் தொங்கவிட்டு, அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண் ஒற்றையாளாக அதைச் செலுத்திக்கொண்டு வந்தாள். அவர் அதைத் தன் வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார். ஊரே கயிறு பிடித்து, உருளைக் கட்டை போட்டு, தண்ணீரிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, பனங்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியது. அந்தப் பெண்ணின் பெயர் குணவதி. பினாங்கில் பிறந்து, முப்பத்தொரு வருடம் கப்பல்களில் இன்ஜினியராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இந்தப் படகை வாங்கி உலகத்தைச் சுற்றக் கிளம்பியவள்.

ஜெபஸ்தி போனபோது குணவதி படகின் மேல்தளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படகின் பின்புறம், சுக்கான் கம்பு நுழையும் ஓட்டையிலிருந்து தண்ணீர் கயிறுபோல் இறங்கி மணலில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் மணல் புகைந்தது.

“ஆமா, இந்நேரத்துக்குத்தான் ஏறும். ஆறு மணி நேரத்துல வத்திப்போயிடும்லா,” என்றாள் குணவதி, பால் வரும் நேரத்தைச் சொல்வதுபோல. “வந்த நாலு நாளும் அடியில மட்டும் ஏறி எறங்குச்சு. இன்னைக்குத்தான் வெளிய தெரியுது.”

பிறகு அவள் சொன்ன கதை இது. பூமியின் தெற்குக் கோடியில், பனிக்கட்டி மிதக்கிற கடலில், ஏதோ ஒன்று, திமிங்கிலமோ மரமோ தெரியவில்லை, சுக்கானில் மோதியது. சுக்கான் போயிற்று, அதன் கம்பு நுழைகிற குழாய் பிளந்தது, படகின் வாலில் இருந்த ஆறடிப் பின்னறைக்குள் கடல் புகுந்தது. அறைக்கும் மற்ற படகுக்கும் நடுவில் இருந்த மெல்லிய ஒட்டுப்பலகைத் தடுப்பு எப்படியோ நின்றதால் அவள் பிழைத்தாள். மூன்று நாள் பம்பு அடித்தாள். நான்காம் நாள் கவனித்தாள்: பம்பு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் உள்ளே ஆறு மணி நேரம் ஏறுகிறது, ஆறு மணி நேரம் வற்றுகிறது. வடக்கே வரவர வெளிக்கடல் சுடுகிறது, உள்ளே இருப்பது விரல் விறைக்கும் குளிரிலேயே இருக்கிறது. அந்த இடத்துக் கடல் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அவளோடு கூடவே வந்துவிட்டிருந்தது.

ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். அதில் மீன் உண்டா, வலைநூலை அரிக்குமா, எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடல் எங்கே வரும், எங்கே வராது என்று கடலிடம் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. டீக்கடைக்காரர் வழக்கமாக ஏற்ற வற்ற நேரம் எழுதிப்போடுகிற கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ‘நம்ம கடல்’ என்றும் அந்தப் பக்கம் ‘குளிர்கடல்’ என்றும் எழுதினார். பங்குச் சாமியார் வந்து, அங்கியின் கையை மடித்துவிட்டு, பின்னறைக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், “இது யாருடைய கடல் என்று நமக்குத் தெரியாது. ஆனால் வந்திருப்பது நம் கரைக்கு. அதில் யாரும் கால் கழுவ வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

யாரும் கழுவவில்லை. காலை ஏற்றத்துக்குப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கு அந்தத் தண்ணீரில் நனைத்த துணி போனது, பிடித்த மீனை அதில் மூன்று மணி நேரம் போட்டுவைத்தால் நான்கு நாள் கண் மங்காமல் கிடந்தது, தர்ப்பூசணிகள் ஊறின, மோர்ப்பானைகள் ஊறின, பிரசவ நாள் நெருங்கிய பெண்ணொருத்தி தினமும் வந்து உள்ளங்கையை நனைத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனாள். சில நாள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற மீன்கள் வந்தன. விக்டோரியா அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் குழம்பு குளிர்ந்தே இருந்தது, ஆனாலும் ருசியாக இருந்தது என்று அக்கம்பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். ஒரு நாள் உச்சி வெயிலில் பின்னறையின் மேல்மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தவர்களுக்குத் தண்ணீரில் சூரியன் தெரியவில்லை, நட்சத்திரங்கள் தெரிந்தன. அந்தப் பக்கம் அப்போது இரவு. அவர்களில் எவருக்கும் அந்த நட்சத்திரங்களில் ஒன்றைக்கூட அடையாளம் தெரியவில்லை. வெளிநாட்டுப் படகை விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் டேப் பிடித்து அறையை அளந்து, ஆழத்தை அளக்க டேப்பை உள்ளே விட்டார். டேப் தீர்ந்தது, கயிறு கட்டி விட்டார், கயிறும் தீர்ந்தது. ‘படகில் நீர் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பாட்டில் நிறைய அந்த நீரையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜெபஸ்தி மட்டும் குடம் கொண்டுபோகவில்லை. அவள் தினமும் போய்த் தடுப்பைப் பார்த்தாள். அறைக்கும் படகுக்கும் நடுவில் இருந்த அந்த ஒட்டுப்பலகை, ஏற்றத்தின்போது வயிறு முன்தள்ளி, வற்றத்தின்போது உள்வாங்கி, மூச்சு விடுவதைப் பார்த்தாள். அதில் குணவதி, கரைக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஒவ்வொரு கோடும் முந்தினதைவிட இரண்டு விரல் உயரம்.

“அக்கா, இது எங்க போய் நிக்கும்?”

“வைகாசி அமாவாசைக்கு மேல்மூடிக்கு வந்துடும். அதுக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. இந்தப் பலகை அதுக்கு ரெண்டு நாள் முந்தியே போயிடும்லா.”

“போனா?”

குணவதி கையைக் கரைப் பக்கம் நீட்டினாள். ஊர், கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, இடுப்பளவு பள்ளத்தில் கிடந்தது.

வலைக்கூடத்தில் ஊர் கூடியது. இஞ்ஞாசி எழுந்து, படகை மறுபடி இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் மூழ்கடித்துவிடலாம் என்றார். நம்ம கடலுக்குள்ளே அந்தக் கடல் திறந்தால் நம்ம மீன் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். அப்படியே விட்டுவிட்டு ஊரைக் காலி செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் குணவதி பேசினாள்.

“வழிதெரியாம என்கூட வந்துட்டுது. கொண்டுபோய் அது இடத்துல விட்டுடறேன். எனக்கு வேண்டியது ஒரு சுக்கான், உடையாத தடுப்பு. ஒண்ணு இல்ல, மூணு. பின்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, முன்னால ஒண்ணு. ஒண்ணு போனாலும் மத்த ரெண்டும் படகைத் தூக்கிப் பிடிக்கணும். வேற எதுவும் கேக்கலலா.”

வேலிக்குள் புகுந்த அடுத்த வீட்டு மாட்டைக் கொண்டுபோய் விடுகிற நியாயம் அது, எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் செய்வது யார்? படகு கட்டுகிற ஆட்கள் துறைமுகப் பக்கம் போய்விட்டார்கள். சொல்லியனுப்பியவர்களும் கடல் ஏறுகிற படகுக்குள் இறங்க முடியாது என்றுவிட்டார்கள்.

“ஜெபஸ்தி இருக்காளே,” என்றாள் விக்டோரியா.

கூடத்தில் எல்லோர் கண்ணும் இஞ்ஞாசி பக்கம் திரும்பியது. ஏனென்று வெளியூர்க்காரியான குணவதிக்குத் தவிர எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்பு, இஞ்ஞாசியின் ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் விட்ட வெடிப்பை ஜெபஸ்திதான் ஒட்டிக்கொடுத்தாள். எட்டாம் நாள் அது கரையிலிருந்து பதினாலு மைலில் வாய் பிளந்தது. இஞ்ஞாசியும், இன்னொருவரும், ஜெபஸ்தியின் புருஷன் கஸ்பாரும் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். இஞ்ஞாசி கரையேறியதும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார். கஸ்பார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உப்பளத்து வேலைக்குப் போனான். அன்றிலிருந்து கடலில் கால் வைக்கவில்லை. கரைப்பாதையை விட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் திட்டியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். அவன் சொல்லாத அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பதினோரு வருடம் காதைத் தீட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிகளையும் கோவில் சுரூபங்களையும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ ஒட்டினது எத்தனை நாள் நிக்கும்னு எனக்குத் தெரியும்,” என்றார் இஞ்ஞாசி.

ஜெபஸ்தி எழுந்து நின்றாள். முந்தானையில் ரெசின் காய்ந்து விறைத்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் சொல்லுதது சரிதான். அன்னைக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. பழைய பெயிண்டை முழுசா சுரண்டல. உள்ளுக்க ஈரம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஒட்டினேன், காலையில நீங்க போவணும்னு அவசரப்படுத்தினீங்க, சரி நிக்கும்னு நெனச்சேன். இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.” மூச்சு வாங்கினாள். “ஈரத்துமேல ஒட்டினா என்ன ஆவும்னு இந்த ஊர்ல என்னைவிடத் தெரிஞ்சவ யாரும் இல்ல. இந்தத் தடுப்பை நான் செய்யுதேன்.”

இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலை ஜெபஸ்தி படகடிக்குப் போனபோது, மணலில் ஒரு நீளமான துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கிடந்தது. அவருடைய பழைய விசைப்படகின் ப்ரொப்பல்லர் கம்பி. கை மணிக்கட்டுத் தடிமன். சுக்கானுக்கு அதைவிட நல்ல முதுகெலும்பு அந்தக் கரையில் எங்கும் கிடையாது.

வேலை தொடங்கியது. குளிர்கடல் வற்றியிருக்கும் ஆறு மணி நேரம்தான் அவர்களுக்கு. தண்ணீர் இறங்கியதும் பெண்கள் பழைய சேலைகளோடு உள்ளே போய்த் துடைத்தார்கள்; ஜெபஸ்தி விரலால் தடவிப் பார்த்து, காகிதத்தை ஒற்றிப் பார்த்து, மறுபடி துடைக்கச் சொன்னாள்; மறுபடி, மறுபடி. ஈரம் முழுசாகப் போன பிறகே கிரைண்டரை எடுத்தாள். படகின் உள்சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்டைத் தேய்த்து, அடியில் இருந்த பச்சை உடம்பு தெரியும்வரை தேய்த்து, தேய்த்ததை இன்னொரு தடவை தேய்த்தாள். மூச்சுவிடும் பழைய பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த கப்பல் பலகைகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினாள். பலகையும் உடம்பும் சேரும் மூலையைக் கூராக விடாமல், உருண்டையாக மாவுபோல் பூசி மெழுகினாள்; தண்ணீருக்கு ஒரு மூலை கிடைத்தால் அது அங்கேயே உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிடும் என்றாள். அதன்மேல் கண்ணாடி நார், ரெசின், நார், ரெசின் என்று இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. நடுத் தடுப்பையும் முன்தடுப்பையும் இதேபோல் நிறுத்தி, வயரும் குழாயும் போகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தாள். சுக்கான் குழாயைச் சுற்றி நார் சுற்றி அதைத் தொடைத் தடிமனாக்கி, நான்கு பக்கமும் முட்டுப்பலகை வைத்துப் படகின் உடம்போடு கட்டினாள்.

“சுவர்ல ஒரு கண்ணாடி வேணும்,” என்றாள் குணவதி. “அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பாக்காம ஒரு சுவரை நம்பக் கூடாதுலா.” உடைத்த கப்பலிலிருந்து வந்த வட்டக் கண்ணாடி ஒன்றை, இரண்டு விரல் தடிமன், பித்தளை வளையத்தோடு வாங்கிவந்து பதித்தார்கள்.

சுக்கானின் உடம்பை இருவரும் சேர்ந்து செய்தார்கள். எஃகுக் கம்பியில் விலா எலும்புபோல் தகடுகளைப் பற்றவைத்து, நடுவில் நுரை நிரப்பி, நாரால் போர்த்தி மூடினார்கள். அடியில் கால்பங்கை மட்டும் வேண்டுமென்றே மெலிதாக விடச் சொன்னாள் குணவதி. “மறுபடி எதுலயாவது மோதினா அந்தத் துண்டு உடைஞ்சு போகட்டும். குழாய் பிளக்கக் கூடாது.”

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. பின்னறையின் குளிரில் ரெசின் இறுகவில்லை. விரலை வைத்தால் தேன்போல் ஒட்டியது. அடுத்த ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தீ மூட்ட முடியாது, ரெசின் வாடைக்கே பற்றிக்கொள்ளும். ஜெபஸ்தி கரையில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தாள், மணல் சுட்டது. காலைக் குனிந்து பார்த்தாள்.

“விக்டோரியாக்கா, ஊர்ல இருக்கிற அரிசிச் சாக்கு, தலையணை உறை, எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லுங்க.”

அந்த மதியம் சிப்பிமுனை முழுக்கக் கொதிக்கிற மணலை அள்ளிப் பைகளில் கட்டி, கைமாற்றிக் கைமாற்றி படகுக்குள் அனுப்பியது. கோவிலிலிருந்து ஒரு வரிசை, டீக்கடையிலிருந்து ஒரு வரிசை. சுட்ட மணல் உள்ளே போக, ஆறிய மணல் வெளியே வர, பாட்டொன்று இல்லாமலே பாட்டுப்போல ஒரு தாளம் கைகளில் ஓடியது. தலையணையில் சாய்த்துவைக்கும் நோயாளியைப்போல அந்தச் சுவரை மணல்பைகளில் சாய்த்துவைத்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் ஜெபஸ்தி நகத்தால் தட்டிப் பார்த்தாள். கிண்ணென்றது.

இத்தனை நாளும் கஸ்பார் அவளுக்குச் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து, கரை தொடங்கும் இடத்தில் இருந்த கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினான். அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கருவாடு மட்டும் தினமும் இருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அமாவாசையன்று பகல் பதினோரு மணிக்குக் குளிர்கடல் ஏறத் தொடங்கியது. மூன்று தடுப்புகளும் நின்றன. புதுச் சுக்கான் பொருத்தப்பட்டிருந்தது. பின்தடுப்பில் விட்டிருந்த சிறு கதவை ரப்பர் வைத்து இறுக்கியிருந்தார்கள். ஊர் முழுக்கப் படகைச் சுற்றி நின்று உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்திருந்தது. முதலில் காற்றின் சத்தம் கேட்டது, ஊரில் ஓர் ஓலை அசையவில்லை. பிறகு முட்டுக்கொடுத்த பனங்கட்டைகளில் வெள்ளையாகப் பனி பூத்தது. கையை வைத்திருந்தவர்களுக்கு, ஒரு பெரிய மிருகம் உள்ளே எழுந்து உட்காருவதுபோல் தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், வட்டக் கண்ணாடிக்கு எதிரில், ஜெபஸ்தி மண்டியிட்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி மேலே போயிற்று. சுவர் ஒரு தடவை முனகியது. நின்றது. ஒரு சொட்டு இல்லை.

“நிக்குதுலா,” என்றாள் குணவதி, கிசுகிசுப்பாக.

அப்போதுதான் சுக்கான் நடுங்கத் தொடங்கியது. அந்தக் கடலின் அலை உள்ளிருந்தே அதைப் பிடித்து உலுக்க, குழாயின் தலையில் இருந்த பெரிய நட்டு, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கழன்றுகொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அது கழன்றால் குழாய் முழு வாயோடு திறக்கும். எட்டும் எட்டும் பதினாறு அடுக்கும் அதற்குப் போதாது. அதைப் பின்னறைக்குள் இறங்கித்தான் முடுக்க வேண்டும்.

“நட்டு கழலுது!” என்று ஜெபஸ்தி கத்தியது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. குணவதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினாள். அங்கே அவளுக்கு முன்னால் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“குடுங்கம்மா,” என்றான் கஸ்பார். “தண்ணியில எவ்வளவு நேரம் கெடக்கலாம்னு எனக்குத் தெரியும்.”

இஞ்ஞாசி அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். கஸ்பார் மேல்மூடி வழியாக இறங்கினான்.

ஜெபஸ்தி கண்ணாடி வழியாக அவன் காலைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், நட்டின்மேல் ஸ்பேனர் விழுந்து திரும்புவதைப் பார்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. நட்டு இறுகியது. பிறகு ஓர் அலை வந்து அவனை எடுத்துக்கொண்டது. ஆறடி அறை அது. அந்த ஆறடிக்குள் அவன் தூரம் போனான்; தலை ஒரு தேங்காயளவு ஆனது, மிதவைக்கட்டையளவு ஆனது, நெல்லிக்காயளவு ஆனது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் குன்று குன்றாக எழுந்து நடந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு மேல் அவள் பார்த்தறியாத வெளிச்சத்தில் ஒரு வானம் இருந்தது. மேல்தளத்தில் கயிறு ஓடியது. நூறு அடிக் கயிறு தீர்ந்ததும் இன்னொன்றை முடிந்தார்கள், அது தீர்ந்ததும் வேறு வள்ளத்துக் கயிறு, அதற்கடுத்து நங்கூரக் கயிறு. ஊரில் இருந்த கயிறெல்லாம் ஆறடி அறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. இஞ்ஞாசியின் உள்ளங்கை கிழிந்தது, அவர் விடவில்லை.

அந்த நேரத்தில் கண்ணாடியை ஏதோ மறைத்தது. கறுப்பாக, ஈரமாக, முடிவில்லாமல் ஓர் உடம்பு கடந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு கண் வந்து, கண்ணாடிக்கு நேரே, அவள் முகத்துக்கு நேரே நின்றது. அதில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. மிக வயதான ஒன்று, புதிதாக ஒன்றைப் பார்க்கிற கவனம் மட்டும் இருந்தது. ஜெபஸ்திக்கு ஜெபம் மறந்துபோயிற்று. தன் பெயர்கூட அந்தக் கணத்தில் அவளிடம் இல்லை. கையை மட்டும் சுவரில் வைத்தாள். கண் இமைத்தது, நகர்ந்தது, அந்த உடம்பு போன பிறகு எழுந்த பெரிய அலையில், கஸ்பார் சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

இழுத்து மேலே போட்டபோது அவன் உதடு நீலமாக இருந்தது, பல் தந்தியடித்தது. விக்டோரியாவும் மற்றப் பெண்களும் சுடுமணல் பைகளைக் கொண்டுவந்து அவனைச் சுற்றி அடுக்கினார்கள். ஜெபஸ்தி ஏணியில் ஏறி வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மணலின் சூடு உடம்பில் ஏறியதும் அவன் வாயைத் திறந்தான்.

“ஏளா.”

“சொல்லுங்க.”

“பத்து பனை உசரம் ஒவ்வொரு அலையும். எந்தப் பக்கம் கரைன்னு தெரியல. கரையே கெடையாது அங்க.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “ஒன் சுவர் தெரிஞ்சுச்சு. அம்புட்டுப் பெரிய கடல்ல அது ஒண்ணுதான் அசையாம, வெள்ளையா நின்னுச்சு. அதைப் பாத்துத்தான் நீந்தி வந்தேன்.”

ஜெபஸ்தி அவன் தலைமயிரில் சிக்கியிருந்த உப்பை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இஞ்ஞாசி கிழிந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல், படகின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் காலை, ஏழு மணி வெயிலில், பவளமல்லியைக் கடலில் இறக்கினார்கள். அன்று மன்னார் வளைகுடா எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது; கரையில் நுரைகூடக் கட்டவில்லை. குணவதி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு ஏறினாள். பெண்கள் இட்லியும் கருவாடும் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மெல்லிய காற்று பாயில் பிடித்தது. படகு தெற்கே திரும்பியது.

அரை மைல் போயிருக்கும். அந்த அசையாத தண்ணீரின்மேல் படகு ஏறத் தொடங்கியது. தண்ணீர் எழவில்லை, படகு மட்டும், யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் அலையின் முதுகில், முன்பக்க அணியத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டு, கோவில் கோபுர உயரத்துக்கு ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பாய் படபடக்க மறுபக்கம் சரிந்து இறங்கியது. மறுபடி ஏறியது, முன்னைவிட உயரம். உள்ளே இருந்த கடல் எப்படி அசைந்ததோ அப்படியே அது அசைந்தது. அதன் அடியில், வெறும் காற்றில், சுக்கான் முழுசாகத் தெரிந்தது. அது நேராக நின்றது. குணவதி திருப்பிய பக்கம் திரும்பியது.

கரையில் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். படகு ஏறும்போது அவர்கள் கழுத்து ஏறியது, இறங்கும்போது இறங்கியது. கஸ்பாரும் ஜெபஸ்தியும் மற்றவர்களுக்குச் சற்று முன்னால், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். வெள்ளைப் புள்ளியாகிப்போன பாய், அடிவானத்துக்கு மேலே ஒரு பெரிய அலையின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து அந்தப் பக்கம் இறங்கியது.